எட்ட நின்று திருப்பும் கை



திரையில் ஒரு காட்சி ஓடுகிறது. தாய் முன்னால் அமர்ந்திருக்கிறாள். பின்னால் வாசற்படியில் மகன் வந்து நிற்கிறான். தாயின் முகம் மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. மகன் பனிமூட்டத்தில் நிற்பவனைப்போல மங்கலாக இருக்கிறான். அவன் "அம்மா" என்று அழைத்த மாத்திரத்தில் தாயின் முகம் மங்கி, மகனின் முகம் துலங்குகிறது. நம் பார்வையும் தானாகவே அவனிடம் சென்றுவிடுகிறது. போகச் செய்தது யார்? இயக்குநர் என்பீர்கள், ஒளிப்பதிவாளர் என்பீர்கள். சொன்னவர்கள் அவர்கள்தாம். செய்தவன் வேறொருவன். காமிராவின் அருகில் நின்று, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை உரிய நொடியில் உரிய அளவு திருப்பியவன் அவன். படத்துறையில் அவனை 'ஃபோகஸ் புல்லர்' என்று அழைப்பார்கள். அவன் வேலையைச் சரியாகச் செய்தால் எவரும் அவனை நினைப்பதில்லை. தவறினால் படப்பிடிப்புத் தளம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்கும்.

என் தங்கை மகன் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் இந்த வேலையைச் செய்துவருகிறான். நான் சிறுவாச்சூரில் வசிக்கிறேன். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மதுரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். கோயில் திறக்கும் திங்களும் வெள்ளியும் ஊர் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் லாரிகளின் இரைச்சலைத் தவிர வேறு ஆரவாரம் இராது. சவூதியில் ஓர் எண்ணெய் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். சினிமாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவன் சினிமாக் காமிராவுக்குக் கருவி செய்யப் புகுந்த கதையைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் அந்த வேலையின் கடினத்தைச் சொல்லிவிடுகிறேன். நடிகர் ஆறடி தூரத்தில் நிற்கிறார். 85 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் துளை 1.4 அளவுக்குத் திறந்திருக்கிறது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் அப்போது தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் மட்டுமே. கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். நடிகர் பேசும்போது சற்றே முன்னால் சாய்ந்தாலும் போதும், தெளிவு முகத்தை விட்டுப் போய்விடும். ஆகையால் ஃபோகஸ் புல்லர் ஒத்திகையின்போதே நாடா பிடித்து அளக்கிறான். காமிராவின் பக்கவாட்டில், ஒரு வட்டத்தைக் கோடு ஒன்று குறுக்கே வெட்டுவதுபோல ஒரு குறி இருக்கும். உள்ளே படச்சுருள் இருக்கும் இடத்தை அது காட்டுகிறது. அங்கிருந்து நடிகரின் கண்வரை அளந்து, தரையில் அடையாளம் ஒட்டி, வளையத்தைத் திருப்பும் குமிழின் வெள்ளைத் தட்டில் பென்சிலால் குறித்துக்கொள்கிறான். நடிகர்கள் அடையாளத்தில் வந்து நிற்பார்கள் என்பது ஏட்டளவில்தான். அழுதுகொண்டே நடந்து வருபவர் தரையைப் பார்த்தா நடப்பார்? அரையடி முன்னே நிற்பார், அல்லது பின்னே. அந்த அரையடியைக் கண்ணால் அளந்து கையால் திருத்துவதே தொழில்.

படச்சுருள் காலத்தில் இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. எடுத்தது சரியாக வந்ததா என்பதை அப்போதே அறிய வழியில்லை. சுருள் லேபுக்குச் சென்று, கழுவி அச்சிட்டு வந்த பிறகே தெரியும். அதுவரை ஃபோகஸ் புல்லருக்கு உறக்கம் வராது. 1987இல் வெளிவந்த 'நாயகன்' போன்ற படங்களில் பி.சி. ஸ்ரீராம் குறைந்த ஒளியில் எடுத்த காட்சிகளை நாமெல்லாம் வியந்தோம். ஒளி குறையக் குறைய லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும். துளை அகல அகலத் தெளிவின் ஆழம் சுருங்கும். வியந்த நமக்கு, அந்த இருட்டில் வளையத்தைப் பிடித்திருந்தவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை.

ஒளியியல் என்றதும் நம்மவர் இப்னுல் ஹைத்தமின் பெயரைச் சொல்லாமல் விட மனம் ஒப்பாது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த மேதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே 'கிதாபுல் மனாழிர்' என்ற பெருநூலை எழுதினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்று நிறுவினார். சிறு துளை வழியே விழும் கிரகணச் சூரியனின் உருவத்தையும் ஆராய்ந்தார். ஆனால் அந்தப் பெருமையைப் பேசிவிட்டு ஓய்ந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. லென்ஸைப் பிடித்திருக்கும் நம் பிள்ளையின் கையையும் சற்றுப் பார்ப்போம்.

தூரத்தை அளப்பதில் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1975இல் வந்த 'பேரி லிண்டன்' என்ற படத்தின் சில காட்சிகளை ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 0.7 துளையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸை அதற்குப் பயன்படுத்தினார். நடிகர் மூச்சு விட்டாலும் தெளிவு நழுவும் நிலை. ஃபோகஸ் பார்த்த டக்ளஸ் மில்சம், பக்கவாட்டில் செங்கோணமாக ஒரு தொலைக்காட்சிக் காமிராவை வைத்து, நடிகர் முன்னே பின்னே அசைவதை அதன் திரையில் பார்த்தபடி வளையத்தைத் திருப்பினார். காமிராவின் பின்னால் நின்று பார்ப்பதைவிட, விலகி நின்று பக்கத்திலிருந்து பார்த்தால் தூரம் நன்றாகத் தெரியும். பின்னால் வந்த கருவிக்கெல்லாம் வித்து இந்த உண்மைதான் என்பது என் கருத்து.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் கேரட் பிரவுன் என்பவர் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தார். காமிராவை ஒருவர் உடலோடு பூட்டிய கவசத்திலும் வில்விசைக் கையிலும் தாங்கிக்கொண்டு படியேறலாம், ஓடலாம், படம் குலுங்காது. 1976இல் 'பவுண்ட் ஃபார் குளோரி', 'ராக்கி' ஆகிய படங்களில் உலகம் அதைக் கண்டது. நம் பக்கத்தில் 1989இல் ராம் கோபால் வர்மா எடுத்த 'சிவா' தெலுங்குப் படம் அதன் ஸ்டெடிகேம் காட்சிகளுக்காகவும் பேசப்பட்டது. இதில்தான் ஃபோகஸ் புல்லருக்குச் சிக்கல் முளைத்தது. துலாக்கோலைப்போல நிறுத்தப்பட்ட காமிரா அது. இன்னொருவர் கை வளையத்தில் பட்டாலே அதன் சமநிலை குலையும். தொடாமல் திருப்ப வேண்டும். லென்ஸில் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, கையிலுள்ள குமிழிலிருந்து ரேடியோ அலையால் அதை இயக்கும் முறை இவ்வாறுதான் தேவையாயிற்று. கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பிரெஸ்டனின் நிறுவனம் உருவாக்கிய கருவி உலகெங்கும் பெயர் பெற்றது. ஃபோகஸ், ஒளித்துளை, ஸூம் ஆகிய மூன்றையும் எட்ட நின்றே இயக்கும் அக்கருவிக்காக அவருக்கும் மிர்கோ கோவாசெவிச்சுக்கும் ஆஸ்கர் அகாடமி தன் அறிவியல் தொழில்நுட்ப விருதை வழங்கியது.

அத்தகைய கருவியின் விலை பல லட்சம் ரூபாய். பெரிய படங்களுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். சிறிய படங்களில் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில் ஊருக்கு வந்திருந்த மருமகன், இஃப்தாருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து இதையெல்லாம் விவரித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, ஆலையில் வால்வைத் தூரத்திலிருந்து திறந்து மூடுவீங்கன்னு சொல்லுவீங்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?"

ஒன்றுதான் என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆலையில் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் நாற்பது சதவீதம் என்று கட்டளையிட்டால், அரை மைலுக்கு அப்பாலுள்ள வால்வு நாற்பது சதவீதம் திறந்து நிற்க வேண்டும். நின்றதா என்ற செய்தியும் திரும்பி வர வேண்டும். அந்தக் கட்டளை கம்பியில் மின்னோட்டமாகச் செல்லும். 4 மில்லி ஆம்பியர் என்றால் முழுதும் மூடு. 20 என்றால் முழுதும் திற. சுழியத்தில் தொடங்காமல் ஏன் நான்கில் தொடங்கினார்கள் தெரியுமா? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும். 'மூடு' என்ற கட்டளையும் 'கம்பி அறுந்தது' என்ற ஆபத்தும் ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது. மௌனம் ஒரு கட்டளையாகிவிடக் கூடாது என்ற இந்தப் பாடம் கம்பியில்லாத கருவிக்கு இன்னும் அதிகம் தேவை. நாங்கள் செய்யப்போகும் கருவியில் அலை அறுந்தால் மோட்டார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிடித்திருப்பவனின் கையில் குமிழ் அதிர்ந்து எச்சரிக்க வேண்டும். அலை மீண்டதும் பாய்ந்து ஓடாமல் மெல்ல நகர்ந்து சேர வேண்டும். ஒரு திருகாணிகூட வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

மோட்டாரும் அதன் சுழற்சியை எண்ணும் உணரியும் சென்னை ரிச்சித் தெருவில் கிடைத்தன. லென்ஸ் வளையத்தின் பற்களோடு பொருந்தும் பல்சக்கரத்தைத் திருச்சியில் ஒரு பட்டறையில் வெட்டித் தந்தார்கள். சினிமா லென்ஸ்களில் பல்லின் அளவு பெரும்பாலும் ஒன்றே, 0.8 மாட்யூல் என்று சொன்னால் பட்டறைக்காரருக்குப் புரிந்துவிடும். பற்களுக்கிடையே தளர்வு சற்றும் இருக்கக் கூடாது. மயிரிழைத் தளர்வும் திரையில் தடுமாற்றமாகத் தெரியும்.

குமிழ்தான் எங்களை நெடுநாள் அலைக்கழித்தது. என் மனைவியின் மசாலா டப்பா மூடி ஒன்றே முதல் குமிழ் (அதற்காக நான் கேட்டுக்கொண்ட பேச்சு தனிக் கட்டுரைக்கு ஆகும்). மருமகன் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "ரொம்ப லேசாக இருக்கு மாமா. கைக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்றான். குமிழ் வழுக்கிக்கொண்டு ஓடினால் கை எங்கே நிற்பது என்று அறியாது. இறுகினால் மெல்லத் திருப்ப இயலாது. வெவ்வேறு கெட்டியான கிரீஸ்களை உள்ளே இட்டு ஐந்தாறு முறை மாற்றினோம். கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு திருப்பி, "இது" என்றான். அந்தக் கனத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் கைக்குத் தெரிகிறது.

அடுத்தது காலதாமதம். குமிழ் திரும்புவதற்கும் மோட்டார் திரும்புவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது? சாதாரண நடையில் மனிதன் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் கடக்கிறான். கருவி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் அவன் 14 சென்டிமீட்டர் கடந்திருப்பான். நம்மிடம் இருப்பதோ மூன்று சென்டிமீட்டர்! இதை அளக்க விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி போதுமானதாயிற்று. குமிழையும் மோட்டாரையும் அருகருகே வைத்து ஒரே சட்டத்தில் பதிந்து, குமிழ் அசைந்த படத்திலிருந்து மோட்டார் அசைந்த படம்வரை எண்ணினோம். முதலில் பதினெட்டுப் படங்கள். நிரலை மாற்றி மாற்றி எழுதி, ஐந்து படங்களுக்குக் கொண்டுவந்தோம். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மருமகன் அதற்கு மேல் கேட்கவில்லை. நடிகர் அடியெடுத்து வைக்கும் முன்னரே தோள் அசைவதைப் பார்த்துக் கையை நகர்த்துபவன் அவன். அந்த இடைவெளியை அவன் பழக்கம் நிரப்பிவிடும்.

ரேடியோவுக்கு முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தோம். இந்தியாவில் 2005 முதல் தனி உரிமம் இன்றி, வரையறுத்த சக்திக்குள் பயன்படுத்தக்கூடியது. வீட்டில் நன்றாகவே இயங்கியது. லெப்பைக்குடிக்காட்டில் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்று வந்தது. வீடியோ எடுப்பவரின் இசைவோடு அவருடைய காமிராவில் பொருத்திப் பார்த்தோம். மண்டபம் நிறைய நிறைய மோட்டார் திக்கத் தொடங்கியது. ஆயிரம் பேர், ஆளுக்கொரு கைப்பேசி, அவற்றின் வைஃபை, புளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில். போதாக்குறைக்கு நீர் நிறைந்த மனித உடல்கள் அந்த அலையை உறிஞ்சுகின்றன. ஆனால் நோட்டில் எழுதிய மூன்று விதிகளும் வேலை செய்தன. மோட்டார் நின்றதே தவிர எங்கும் பாயவில்லை.

இந்த நெரிசலுக்கு உலகம் கண்ட ஒரு தீர்வின் வரலாறு சுவையானது. ஒரே அலைவரிசையில் நில்லாமல், அனுப்புவதும் பெறுவதும் ஒத்திசைந்து தாவிக்கொண்டே இருக்கும் முறைக்கு 1942இல் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளர். பகைக் கப்பலை நோக்கிச் செல்லும் டார்பிடோவை எதிரி குழப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சிந்தித்தது அது. தானியங்கிப் பியானோவின் துளைச்சுருளே அதற்கு வழிகாட்டியது. 88 விசைகளுக்கு இணையாக 88 அலைவரிசைகள். சினிமாக்காரி என்று உலகம் ஒதுக்கிவைத்த பெண்ணின் மூளையில் உதித்த கருத்து!

தாவும் முறையையும் முயன்றோம். ஓரளவு பலன் இருந்தது. கடைசியில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசைக்கு மாறினோம். இதுவும் உரிமம் வேண்டாத வரிசைதான், கூட்டம் குறைவு. அலை நீளமாக இருப்பதால் உடல்களையும் சுவர்களையும் எளிதாகக் கடக்கும். ஆன்டெனா மட்டும் மூன்று சென்டிமீட்டரிலிருந்து எட்டரைக்கு மேல் நீண்டது. எங்கள் பெரம்பலூர்ச் சீமையில் அதைச் சோதிக்க நல்ல களம் உண்டு. ஆளுயரம் வளர்ந்த பச்சை மக்காச்சோளக் காட்டின் ஒரு கோடியில் மோட்டாரையும் மறுகோடியில் குமிழையும் வைத்தால் போதும். ஈரம் செறிந்த தழையைப்போல ரேடியோவுக்குப் பகை வேறில்லை. பழைய வரிசை பாதிக் காட்டில் மூச்சடங்கியது. புதியது மறுகோடியை எட்டியது. பாத்தியில் நின்றிருந்த விவசாயி, "வெள்ளாமைக்கு ஏதாவது கண்டுபிடிக்கிறீங்களா பாய்?" என்றார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

கொள்ளிடக் கரையில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில் மூன்று நாள்கள் அதைப் பயன்படுத்தினான். முதல் நாளே ஒலிப்பதிவாளர் காதொலிக் கருவியைக் கழற்றிவிட்டு, "எங்கேயோ கொசு கத்துகிறது" என்றாராம். மோட்டாருக்குச் செல்லும் மின்துடிப்புகள் நொடிக்கு எட்டாயிரம். காதுக்குக் கேட்கும் எல்லைக்கு மேலே இருபதாயிரத்துக்கு உயர்த்தியதும் கொசு பறந்துவிட்டது. ஆற்று மணலில் ஒரு முதியவர் நடந்து வரும் நீண்ட காட்சி ஒன்றை எனக்குக் காட்டினான். நாற்பதடியிலிருந்து நாலடிவரை வருகிறார். கண்ணிமைகூடத் தெளிவு பிசகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வேறு சொல் வரவில்லை.

இடையில் என் தங்கையின் கவலையையும் சொல்ல வேண்டும். மகனுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு இடங்களில் பேச்சு நன்றாகத் தொடங்கி, 'சினிமாவில் வேலை' என்றதும் நின்றுபோயிற்று. "அண்ணே, நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லி சவூதிக்கு அனுப்புவீங்கன்னு பார்த்தேன். நீங்களே அவனோடு உட்கார்ந்து சக்கரம் சுத்துறீங்களே" என்று அழுதாள். அவள் அச்சத்தை நான் இகழவில்லை. அந்தத் துறையில் வேலை நிரந்தரமில்லை, சம்பளம் தங்கிவிடும், இரவு பகல் கிடையாது. திரையில் வருவதெல்லாம் நமக்கு உகந்ததும் அல்ல. ஆனால் நாடா பிடித்து அளந்து, குறித்து, கவனம் சிதறாமல் நின்று சம்பாதிக்கும் கூலி, நான் ஆலையில் வாங்கிய கூலிக்கு எந்த வகையில் தாழ்ந்தது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு வி.களத்தூரிலிருந்து ஒரு பெரியவர் பெண் விஷயமாக வந்தார். தையற்கடை வைத்திருந்தவர். என்ன வேலை என்று கேட்டார். மருமகன் விளக்கினான். "தூரத்தைக் கண்ணாலேயே அளப்பியா தம்பி? நான் இப்போ எவ்வளவு தூரத்தில் இருக்கேன்?" என்றார். அவன் பார்த்துவிட்டு, "ஏழடி இரண்டு அங்குலம்" என்றான். பெரியவர் சட்டைப்பையிலிருந்து தம் தையல் நாடாவை எடுத்தார். இருமுறை நீட்டி அளக்க வேண்டியிருந்தது. ஏழடி இரண்டரை. "அரை அங்குலம் துணி மிச்சம்" என்று சிரித்தார். இன்ஷா அல்லாஹ், வரும் ஷவ்வாலில் நிக்காஹ்.

கருவியின் இன்றைய நிலையைக் கேட்பீர்கள். நாங்கள் அதைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்த காலத்திலேயே சீனாவிலிருந்து மலிவான கருவிகள் வந்துவிட்டன. வடிவிலும் பேட்டரியிலும் அவை எங்களுடையதை விஞ்சியவை. அவனும் ஒன்றை வாங்கியிருக்கிறான். எங்களுடையது மாற்றுக் கருவியாகப் பெட்டியில் கூடவே செல்கிறது. நெரிசலான இடங்களில் சில வேளை அதுவே முன்னுக்கு வருவதாகச் சொல்கிறான். மாமனின் மனம் கோணக் கூடாதென்று சொல்கிறானோ என்னவோ. 2021இல் வந்த ரோனின் 4டி போன்ற காமிராக்களில் லேசர் ஒளி தானே தூரத்தை அளந்து வளையத்தைத் திருப்புகிறது. இருவர் நின்றால் யார் முகம் முக்கியம், எந்தச் சொல்லில் அடுத்தவருக்கு மாற வேண்டும் என்பதை மட்டும் இன்னும் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு லென்ஸிலும் அடிக்குறிகள் வெவ்வேறு இடைவெளியில் இருக்கும். லென்ஸ் மாறும்போதெல்லாம் குமிழின் தட்டில் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. எந்த லென்ஸ் ஆனாலும் குமிழில் ஆறடி ஒரே இடத்தில் இருக்கும்படி கருவியே கணக்கிட வேண்டுமாம். நான்கு லென்ஸ்களின் குறிகளைத் தன் கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் இரண்டை முடித்துவிட்டேன்.